பரணும் கணக்கும்

போகி நெருங்கும்போது உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களில் பரண்கள் திறக்கப்படுகின்றன. ஓட்டைக் குடமும் உடைந்த முறமும் ஒட்டடையோடு இறங்குகின்றன. அவற்றை எறிய எவரும் தயங்குவதில்லை. மறைந்த அன்னையின் சேலைகள் கைக்கு வரும்போதுதான் மனம் கலங்குகிறது. பெட்டி மீண்டும் பரணேறுகிறது.

இதைப் பேராசை என்று யாரும் பழிக்க முடியாது, இது பாசம். எனினும் இவ்வூரின் கல்லெழுத்து நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது.

வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன (கி.பி. 919, 921). வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வு பெற இயலாது. அவர்தம் நெருங்கிய உறவினருக்கும் அத்தடை உண்டு. பொறுப்பு என்பது குறித்த காலத்துக்கு ஒப்படைக்கப்பட்டது என்பதே இதன் உட்பொருள்.

லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் வீட்டுப் பொறுப்பாளரிடம் கேட்கப்படுவதும் கணக்கே. நம் உடைமைகளும் அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவையே. பயனின்றிப் பேழையில் கிடக்கும் ஆடை, ஆடையற்றவருக்கு உரியது என்று 4ஆம் நூற்றாண்டில் புனித பசிலியார் கற்பித்தார். அன்னையின் சேலை மடிப்பிலேயே இற்றுப்போவது அவருக்குச் செய்யும் மரியாதையாகுமா?

ஒன்றை நினைவாக வைத்துக்கொள்வோம். ஏனையவற்றை, உடுத்தத்தக்க நிலையில் இருக்கும்போதே கொடுப்போம். கிழிந்தபின் தருவது கொடையாகாது. கண்ணீரோடும் கொடுக்கலாம், இறைவன் அதைக் குறையாகக் கொள்ளார். அச்சேலையை உடுத்தி ஏழைச் சகோதரி ஒருத்தி திருப்பலிக்கு வரும் நாளில், நம் கணக்கில் ஒரு வரியேனும் நேராகும்.