உழைப்பே கட்டணம்

படிப்பு முடிந்து வேலையில் சேர்வதற்கு முன்போ, வேலையிலிருந்து சில மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டோ வெளிநாடு சுற்றப் போகும் இளைஞர்களிடையே ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. ஓட்டலில் அறை எடுக்காமல், வெப்பமண்டலப் பகுதியில் ஒரு சிறு பண்ணையைத் தேடிப் பிடித்துத் தங்குகிறார்கள். நாளுக்கு நான்கைந்து மணி நேரம் களை எடுக்கிறார்கள், மூடாக்குப் போடுகிறார்கள், கன்று நடுகிறார்கள். பண்ணைக்காரர் படுக்க இடமும் சாப்பாடும் தருகிறார். காசு கைமாறுவதில்லை. லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கோப்பார்ட் என்ற பெண், நகரத்தில் அடைந்து கிடப்பவர்களுக்கும் மண்ணில் வேலை செய்யும் வாய்ப்பு வேண்டும் என்று எண்ணி, 1971இல் ஒரு வார இறுதிக்குச் சசெக்ஸ் பகுதிப் பண்ணை ஒன்றுக்குச் சிலரை அனுப்ப ஏற்பாடு செய்தார். 'வூஃப்' என்று இன்று அழைக்கப்படும் அந்த ஏற்பாடு நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவிவிட்டது. இப்படிப் போவதைச் சேவை என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. போகிறவர் அங்கே மாணவர். அவருடைய உழைப்பு அவர் கட்டும் கட்டணம். குருகுலத்தில் விறகு வெட்டிய பிள்ளை குருவுக்குத் தானம் செய்வதாக நினைத்ததில்லை. குருவும் விறகுக்காக மட்டும் அவனை வைத்துக்கொண்டதில்லை. பண்ணைக்குப் போகிறவரும் அவரை அழைப்பவரும் இதை மறக்காமல் இருந்தால்தான் இந்த ஏற்பாடு நியாயமாக நடக்கும்.

ஹவாயின் பெரிய தீவை எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்கே பூனா என்ற வட்டாரத்தில் இத்தகைய சிறு பண்ணைகள் நிறைய உண்டு. எரிமலைக் குழம்பு உறைந்த இளம் நிலம் அது. பல இடங்களில் மண் ஒரு சாண் ஆழம்கூட இருக்காது. ஆனால் மழைக்குக் குறைவில்லை. பக்கத்து ஊரான ஹீலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. வாழை, பப்பாளி, ஈரப்பலா, சேம்பு எல்லாம் செழிக்கும். களையும் அதே வேகத்தில் செழிக்கும். அதனால் புதிதாக வருகிறவருக்கு முதலில் கிடைப்பது களை வேலைதான். அதைத் தாண்டிய வேலைகளுக்கு நுணுக்கம் தேவை. வெனிலாவைப் பாருங்கள். கொடி நட்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் பூக்கும். ஒவ்வொரு பூவும் ஒரே ஒரு காலைப்பொழுது மட்டும் விரிந்திருக்கும். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. மூங்கில் சிம்பு ஒன்றால் அதை மெல்லத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்ட வைக்க வேண்டும். 1841இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டறிந்த முறை இது. இன்றும் உலகம் இதைத்தான் நம்பியிருக்கிறது. கற்றுக்கொள்கிறவரின் கை தவறிச் சவ்வு கிழிந்தால், ஒன்பது மாதம் கழித்து முற்ற வேண்டிய ஒரு காய் போய்விட்டது. அந்த இழப்பு பண்ணைக்காரருடையது. பூவைக் கெடுத்தாலும் பரவாயில்லை, கற்றுக்கொள் என்று பக்கத்தில் நின்று காட்டுகிறவர் வந்தவருடைய உழைப்புக்கு ஈடு கொடுத்துவிடுகிறார்.

கற்பித்தலை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது உயிர் சம்பந்தப்பட்டது. எலியின் நுரையீரல் நாளங்களில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம், எலியின் எச்சத்தின் வழியாக நத்தைகளின் உடலுக்குள் போகிறது. கீரைக்கட்டின் மடிப்புக்குள் நகக்கண் அளவு நத்தைக்குஞ்சு ஒளிந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. அதைப் பச்சையாகத் தின்றுவிட்டால் புழு மனித மூளைவரை போய் மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். 2007 முதல் 2017 வரை ஹவாயில் இந்த நோய் 82 பேரைப் பிடித்ததாகப் பதிவு இருக்கிறது. பெரும்பாலோர் பெரிய தீவில்தான். பூனாவில் பல வீடுகளில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் புழங்குகிறார்கள்; நத்தை அந்த நீருக்குள்ளும் போகலாம். அங்கே வளர்ந்தவர்களுக்குக் கீரையை ஒவ்வொரு இலையாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவுவதும், தோட்டத்துக் குழாயில் வாய் வைத்துக் குடிக்காமல் இருப்பதும் பழக்கமாகியிருக்கும். நேற்று வந்து இறங்கியவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். வந்ததும் கையில் வெட்டுக்கத்தியைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விடும் பண்ணை, அவருடைய உழைப்பை மட்டும் வாங்கவில்லை, அவரை ஆபத்திலும் தள்ளுகிறது.

கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு இது நல்ல பெயர் சூட்டிய வழிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். ஆஸ்திரேலியா இதற்குச் சாட்சி. இரண்டாம் ஆண்டு விசா வேண்டுமென்றால் கிராமப்புறத்தில் மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்று அங்கே விதி இருந்தது; சம்பளமில்லாத தன்னார்வ வேலையையும் முன்பு கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். விசாவுக்கான கையெழுத்து பண்ணைக்காரர் கையில் இருக்கும்போது, சுரண்டினாலும் இளைஞர்கள் வாய் திறக்க முடியாது. 2015 டிசம்பர் முதல் சம்பளம் வாங்கிய வேலை மட்டுமே செல்லும் என்று அரசு மாற்றிவிட்டது. செய்தது சரி. பெரிய தீவின் மேற்குப் பக்கத்தில் உள்ள கோனாவில் காப்பிப் பழம் பறிப்பதையும் பாருங்கள். பழம் ஒரே நேரத்தில் பழுக்காததால் ஒரே செடிக்குப் பலமுறை போய்ச் சிவந்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். எடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி அந்த வேலையால் குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். விற்பனைக்குப் போகும் அந்த அறுவடையில் சாப்பாட்டுக்கு வேலை செய்யும் விருந்தாளிகளை இறக்கினால் கூலிக்காரரின் வயிற்றில்தான் அடி விழும். நீங்கள் வராவிட்டால் இந்த வேலைக்குக் கூலி ஆள் வைத்திருப்பார்களா என்று கேட்டுப் பார்த்தாலே போதும். ஆம் என்றால் அந்த வேலை உங்களுடையது அல்ல.

சிறு பண்ணைக்காரர் கூலி கொடுக்கும் நிலையில் இல்லையே என்று எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு வாதம் வரும். அதிலும் உண்மை இருக்கிறது. ஹவாயில் 2024இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14 டாலராக இருந்தது. வாரத்துக்கு 25 மணி நேரம் என்றால் 350 டாலர். பல பயிர் கலந்து போட்டு, உரமும் பூச்சிமருந்தும் வாங்காமல் நடத்தும் சின்னத் தோட்டத்தில் அவ்வளவு மிஞ்சாது. ஆனால் இந்தக் கணக்கு வந்தவருக்கும் பொருந்தும். அந்தக் கூலிக் கணக்கில் அவர் வாரம் 350 டாலர் பெறுமான உழைப்பைக் கொடுக்கிறார். மழை ஒழுகும் தார்ப்பாய்க் கூடாரமும் வெறும் சோறும் அதற்கு ஈடாகாது. நல்ல படுக்கையும் வயிறார உணவும் ஓரளவு ஈடு. மீதியை நிரப்புவது பண்ணைக்காரர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் நேரம்தான். மாணவர் தரப்பிலும் கடன் உண்டு. பத்து நாளுக்கு ஒரு பண்ணை என்று தாவிக்கொண்டே போகிறவருக்குக் கற்பிப்பது வீண். களைக்கும் கன்றுக்கும் வித்தியாசம் பிடிபடுவதற்குள் அவர் மூட்டை கட்டிவிடுவார். ஒரே பண்ணையில் இரண்டு மாதமாவது இருக்க முடியாதவர் சுற்றுலாப் பயணியாகவே போய் வாடகை கொடுத்துத் தங்கலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது விசா. சுற்றுலா விசாவில் போய்ச் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் பதிலாக வேலை செய்தால், பணமே வாங்காவிட்டாலும், அமெரிக்கா உட்படப் பல நாடுகள் அதை வேலையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பலாம். அடுத்த விசாவுக்கும் அது தடையாகும். 'எல்லாரும் இப்படித்தான் வருகிறார்கள்' என்று பண்ணைக்காரர் எழுதுவதை நம்பிப் புறப்பட வேண்டாம். தூதரகத்தின் விதியைப் படித்த பிறகு சீட்டு வாங்குங்கள். கத்தி காலில் பட்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதற்கும் பதில் வேண்டும். காப்பீடு இல்லாமல் அமெரிக்க மருத்துவமனைக்குள் போனால் குடும்பமே கடனாளியாகும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் கடல் தாண்ட வேண்டும் என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆரோவில்லில் 2003இல் தொடங்கிய சாதனா ஃபாரஸ்ட்டுக்குப் பல நாட்டு இளைஞர்கள் நம் செம்மண்ணில் மரம் நட வருகிறார்கள். விசாவும் விமானச் சீட்டும் இல்லாமல் நம் பிள்ளைகள் அங்கே போகலாம். முதல் பாடத்தை இங்கே படித்துவிட்டுப் போகிறவர் வெளியூர்ப் பண்ணைக்குப் பாரமாக இருக்கமாட்டார். அதற்காக வெளியே போகவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நம் ஊரில் கிலோக் கணக்கில் வாங்கிப் புளிக்குழம்பு வைக்கும் சேப்பங்கிழங்கை ஹவாய் மக்கள் காலோ என்கிறார்கள். அவர்களுடைய மரபில் அது மனிதனுக்கு முன் பிறந்த மூத்த சகோதரன். அந்த மக்களின் அரசியை 1893இல் கவிழ்த்தவர்களில் கரும்புத் தோட்ட நலன்களோடு தொடர்புடையவர்களும் இருந்தார்கள். அந்த மண்ணில் சேம்பு நடும்போது இதையும் அங்கத்தியவர்கள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு நேரில் போவதுதான் வழி.

போக முடிவு செய்தவர்கள் பண்ணைக்காரருக்கு முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். எனக்கு முன் இந்த வேலையைச் செய்தவர் யார், அவருக்குக் கூலி இருந்ததா? எனக்கு எதைக் கற்றுத்தருவீர்கள், யார் தருவார்? குடிநீர் எங்கிருந்து வருகிறது? காய்ச்சல் வந்தால் மருத்துவர் எவ்வளவு தூரம்? உண்மையாகப் பண்ணை நடத்துகிறவர் இவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுவார். உங்களையும் இரண்டு கேள்வி கேட்பார். கடற்கரைப் படம் நான்கை மட்டும் அனுப்பி வைக்கிறவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த பண்ணைக்கு எழுதுங்கள்.