தையலில்லாத அங்கியும் எங்கள் துண்டுத்துணிப் போர்வையும்

ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்! வெட்டுத்துணிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா?

நாகர்கோவில் பக்கத்துச் சபை எங்களுடையது. நவம்பர் பிறந்தால் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கோயில் ஹாலில் பாய் விரித்துவிடுவோம். கிறிஸ்துமஸ் வாரத்தில் அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் துண்டுத்துணிப் போர்வை தைக்க வேண்டும். டெய்லர் கடை மிச்சம், பாடகர் குழுச் சிறுமிகளின் சிவப்புப் பாவாடை வெட்டு, ஸ்கூல் யூனிபார்மின் நீலக் கட்டம், கல்யாண பிளவுஸின் லைனிங் எல்லாம் ஒரே மூட்டையில் வந்து சேரும்.

உள்ளங்கை அகலச் சதுரங்களாக வெட்டி, ஓரத்தில் கால் அங்குலம் தையலுக்கு விடுவோம். அடியில் நைந்த காட்டன் சேலை இரண்டு மடிப்பு. பிஞ்சு உடம்பில் அதுதான் உறுத்தாது. எல்லாவற்றையும் சேர்த்து நூலோட்டிவிட்டு, நெருக்கமாக ஓட்டுத்தையல். முடிச்சு உள்ளே மறைய வேண்டும். பச்சைப்பிள்ளையின் விரலில் நூல் சிக்கக் கூடாதே.

"ஏ பிள்ளே, கோடித் துணிய நனைக்காம வைக்காத. வெளுத்தா அது சுருங்கி, பக்கத்துல உள்ள பழசையும் இழுத்துக் கிழிச்சிரும்" என்று பாட்டி ஒருவர் அதட்டுவார். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதும் இதைத்தானே! தச்சன் மகனுக்குத் தையற்காரியின் கணக்கு தெரிந்திருக்கிறது. நாசரேத்து வீட்டில் மரியாள் ஒட்டுப்போடுவதைப் பார்த்து வளர்ந்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். வேத பண்டிதர்கள் என்ன சொன்னாலும் சரி.

ஊசி பிடித்து ஊழியம் செய்வது இந்த மண்ணுக்குப் பழக்கம். 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூலியைக் கொண்டே அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. அவர்களுக்கும் முன்னே யோப்பாவின் தொற்காள்! அவள் இறந்தபோது, தைத்துக் கொடுத்த அங்கிகளைக் காட்டியல்லவா விதவைகள் அழுதார்கள்?

ஒரு சாயங்காலம், அக்கா ஒருவர் இறந்துபோன தன் கணவரின் கைலியைக் கொண்டுவந்தார். கத்தரியை எடுத்தார், வெட்ட வரவில்லை. யாரோ கீர்த்தனை எடுத்தார்கள். பாட்டியின் கை அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள, துணி வெட்டுப்பட்டது. அந்தப் பச்சைக் கட்டத்தைப் பாவாடைச் சிவப்போடு சேர்த்துத் தைக்க எனக்குக் கொடுத்தார்கள்.

அப்போது, எப்படிச் சொல்வேன், யோவான் எழுதினது எனக்குள்ளே திறந்தது! சிலுவையடியில் சேவகர் கிழிக்க மனமின்றிச் சீட்டுப்போட்ட அங்கி. மேலிருந்து கீழ்வரை தையலே இல்லாமல் நெய்தது. என் ராஜாவே, தையலில்லாத அங்கி உமக்கு! எங்களைப் பார்த்தால் முழுக்கத் தையல். கிழிந்தவள், மிஞ்சினவள், சாயம் போனவள், ஒருத்தியையும் கழித்துப்போடாமல் சேர்த்துப் பிடிக்கிற நூல் நீரல்லவா! அந்த அங்கியையும் எங்களுக்காகக் களையக் கொடுத்தீரே! கண்ணீரில் ஊசிக்காது தெரியவில்லை. கை நின்றது, பாட்டு நிற்கவில்லை. ஹால் முழுக்க அவர் பிரசன்னம். அல்லேலூயா!

இந்த வருஷத்துக்கும் துணி வேண்டும், சகோதரிகளே. பழைய காட்டன் சேலையோ வெட்டுத்துண்டோ, துவைத்து வெயிலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள். பாலியஸ்டரும் ஜிகினாவும் வேண்டாம், பிள்ளைக்கு வேர்க்கும்.