தேக்குவதும் தடுப்பதும்

நீரைப் பற்றி நமது மார்க்கம் கற்பிக்கும் இரண்டு பாடங்களை எல்லோரும் அறிவோம். தன் தேவைக்கு மேல் எஞ்சிய நீரைப் பிறருக்கு விடாமல் தடுத்து வைப்பது பாவம் என்பது ஒன்று. ஓடுகின்ற ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. நீரைப் பிடித்து வைத்தால் முதற் பாடத்துக்கு மாறாகிவிடுமோ? பிடிக்காமல் கடலுக்கு ஓடவிட்டால் இரண்டாவதற்கு மாறாகிவிடுமோ? அப்படியானால் மேட்டில் இருப்பவன் செய்யத்தக்கது யாது?

இதற்கு விடை தேடப் புகுந்தால், அல்லாஹ்வின் படைப்பில் ஒரு சிறு பிராணி நம் கண்முன் வருகிறது. பீவர் என்பது அதன் பெயர். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்வது. எலி, அணில் முதலியவற்றைப் போலக் கொறித்துத் தின்னும் இனம். மரத்தைப் பல்லால் அறுத்து வீழ்த்தி, கிளையும் கல்லும் சேறும் சேர்த்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டிக்கொள்ளும். பகைக்கு அஞ்சித் தன் வீட்டு வாயிலை நீருக்குள் மறைத்துக்கொள்ளவே இவ்வளவும் செய்கிறது. ஆயினும் அதன் அணை ஒழுகும் அணை. நீர் அதனூடும் அதன் மேலும் வழிந்துகொண்டே இருக்கும். வெள்ளத்தின் வேகம் தணிகிறது, வண்டல் படிகிறது, கரைமண் நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் மெல்ல மெல்ல ஓடைக்கே திருப்பித் தருகிறது. கீழே உள்ளவனுக்கு நீர் தாமதமாக வருகிறதேயன்றி, வராமற் போவதில்லை.

இப்பிராணியின் உரோமத்தில் தொப்பி செய்து அணிவது ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நாகரிகமாயிருந்தது. அதற்காக வேட்டையாடி ஏறக்குறைய அழித்தே விட்டனர். அணைகள் சிதைந்தன; பல ஓடைகள் நிலத்தை அறுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கின; கரைகள் காய்ந்தன. பிற்காலத்து மனிதர் அதே பிராணியின் வேலையைப் பார்த்துச் செய்யும் நிலைக்கு வந்தனர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிரிட்ஜ் கிரீக் என்னும் ஓடையில் 2009 முதல் மரக்கழிகளை அடித்து, அவற்றின் இடையே கொம்புகளைப் பின்னி நூற்றுக்கு மேற்பட்ட சிறு தடுப்புகளை அமைத்தனர். எஞ்சியிருந்த பீவர்களும் வந்து வேலையில் சேர்ந்துகொண்டன. நிலத்தடி நீர் உயர்ந்தது, மீன் பெருகியது என்று 2016-இல் ஆய்வாளர் எழுதினர்.

இது நமக்குப் புதுச் செய்தியா? இராமநாதபுரம் சீமையிலிருந்து வந்தவர்களுக்குக் கண்மாய் தெரியும், கலிங்கு தெரியும். மேலூர்க் கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்கு. கலிங்கின் மட்டத்தை ஒரு முழம் உயர்த்திக் கட்டினால் கீழூரார் வழக்குக்கு வந்துவிடுவர். தேக்குவதற்கும் தடுப்பதற்கும் உள்ள வேற்றுமை அந்த ஒரு முழத்தில் அடங்கியிருக்கிறது! வேலூர் மாவட்டத்தில் வறண்டு கிடந்த நாகநதியில் 2014 முதல் நடந்த வேலையும் இவ்வகையே. அரசாங்கத்தின் ஊரக வேலைத் திட்டத்தில் கூலி பெற்ற ஆயிரக்கணக்கான பெண்கள், ஓடைகளில் கல் தடுப்புகளும் நீரை மண்ணுக்குள் இறக்கும் கிணறுகளும் அமைத்தார்கள்.

நிற்க. நமது பாகான் செராய்க்கு வருவோம். குராவ் ஆற்றை மறித்து 1906-இல் முடிக்கப்பட்ட புக்கிட் மேரா ஏரி, இந்நாட்டு நீர்ப்பாசன ஏரிகளுள் மிகப் பழையது. கிரியான் வட்டாரத்தில் 23,000 ஹெக்டருக்கு மேற்பட்ட நெல்வயல் அதை நம்பியிருக்கிறது. நமது குடிநீருக்கும் அது ஆதாரம். ஆனால் ஏரிக்கு மேலே குராவின் சரிவுகளில் காடு குறைந்து தோட்டங்கள் பெருகியுள்ளன. மரமற்ற சரிவில் மழை தங்குவதில்லை. செந்நீராய் ஓடி வந்து மண்ணை ஏரியில் கொட்டிவிட்டுப் போகிறது. மண் சேரச் சேர ஏரியின் கொள்ளளவு சுருங்குகிறது. மழை பொய்க்கும் காலத்தில் நாற்று நடும் நாள் தள்ளிப்போகிறது. கீழே எவ்வளவு பெரிய அணை இருந்தும் என்ன, மேலே ஆயிரம் சிறு தடைகள் இல்லாதபோது?

இங்கே ஒரு தடை சொல்வார் உண்டு. "தேங்கும் நீர் கொசுவை வளர்க்குமே! மலேரியாவினால் தோட்டங்களில் நம்மவர் எத்தனை பேர் மாண்டனர்!" உண்மைதான். 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்த பிறகே அவ்வூரில் சாவு குறைந்தது. ஆகவே வீடுகளின் அருகே நீர் வடியத்தான் வேண்டும். ஆனால் மலைச் சரிவின் நிலை வேறு. களை ஒன்றும் இல்லாமல் தோட்டத்தைத் துடைத்து வைப்பதே அழகு என்று துரைமார் எண்ணிய நாளில் மேல்மண் மழையோடு போயிற்று. பின்பு அவர்களே சரிவுகளில் வண்டல் குழிகள் வெட்டச் செய்தனர். மண்ணை மூடும் கொடிகளை வளர்த்தனர். தாழ்நிலத்தில் வடிகால், சரிவில் குழி: இரண்டையும் வெட்டியவை நம் முன்னோரின் மண்வெட்டிகளே. எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்ற அறிவு அந்தக் கைகளில் இருந்தது.

இன்று சரிவில் நிலம் வைத்திருப்போர் ஓடைக்கரையில் சில வரிசைச் செம்பனையை விட்டுக்கொடுத்து, அங்கே மரங்களை வளரவிட வேண்டும். நீர் பாயும் வழியில் குழி வெட்ட வேண்டும். அதனால் வருமானம் சற்றுக் குறையும். அந்தக் குறைவை ஏற்பது தர்மமா, கடமையா? தர்மம் என்றால் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் விடலாம். ஆனால் கீழே உள்ள விவசாயி தர்மம் கேட்கவில்லை. மழை அவனுக்கும் சேர்த்தே பெய்தது. அவன் பங்கு நம் நிலத்தின் வழியே போகிறது, அவ்வளவே. வழியில் வைத்திருக்கும் பொருள் அமானிதம். சேர்ப்பிக்க வேண்டியது அவனுடைய ஹக்கு. ஸதகாவின் நன்மையைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம். முதலில் கடனைத் தீர்ப்போம்.

ஜக்காத்தின் கருத்தும் இதுவன்றோ? செல்வத்தைத் தேடாதே என்று மார்க்கம் சொல்லவில்லை; தேடியதில் கலிங்கு வை என்றுதான் சொல்கிறது. பீவரின் அணை இயல்பிலேயே ஒழுகுகிறது. அதற்கு நிய்யத்து வேண்டியதில்லை. நாம் கட்டுவதோ, நாமே வழி வைத்தாலன்றி ஒழுகாது. அதனாலேதான் கேள்வி கணக்கு அதற்கில்லை, நமக்கு இருக்கிறது.

பிடிக்க வேண்டியதைப் பிடிக்கவும், விட வேண்டியதை விடவும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லறிவு அருள்வானாக! ஆமீன்.