மேயரின் மனசாட்சி

2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று, பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவின் மேயர் லிட்டோ அட்டியென்சா ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். நிர்வாக ஆணை எண் 003. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இயற்கை முறையையே மாநகரம் ஊக்குவிக்கும். மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி, கருத்தடை அறுவை சிகிச்சை போன்றவற்றை ஊக்குவிக்காது என்றது அது. வெளிப்படையாகத் தடை எதுவும் விதிக்கவில்லை. ஆனால் மாநகராட்சிச் சுகாதார நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் அவை கிடைக்காமலே போயின. அவற்றைப் பற்றி விசாரித்தவர்களுக்கு விவரம் சொல்லவும் ஆளில்லை.

காசுள்ளவர்களுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. மருந்துக் கடைகளில் மாத்திரை விற்றுக்கொண்டுதான் இருந்தது. அடிபட்டவர்கள் டொண்டோ போன்ற குடிசைப் பகுதிகளில், இலவச மாத்திரை அட்டைக்கு மாநகராட்சி நிலையத்தையே நம்பியிருந்த பெண்கள். அன்றன்றைய கூலியில் அரிசி வாங்கிய பிறகு மாத்திரைக்கு என்ன மிஞ்சும்? அதே நகரில், நாட்டின் சுகாதாரத் துறை நடத்தும் ஃபபெல்லா பேறுகால மருத்துவமனையில், ஒரே கட்டிலில் இரண்டு மூன்று தாய்மார் பச்சைக் குழந்தைகளோடு நெருக்கியடித்துப் படுத்திருக்கும் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அந்த நெரிசலுக்கு மேயரின் ஆணை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அந்தக் கட்டில்கள் இருந்த ஊரில்தான் அப்படியோர் ஆணையும் நடப்பில் இருந்தது என்பதே நெஞ்சை உறுத்துகிறது.

2008இல் மணிலாவாசிகள் 20 பேர் நீதிமன்றம் போனார்கள். நடைமுறைக் குறைகளைக் காட்டி மனு தள்ளப்பட்டது. 2011இல் அடுத்த மேயர் ஆல்பிரெடோ லிம், செயற்கைக் கருத்தடைக்கு மாநகராட்சிப் பணம் செலவிடப்படாது என்று புதிதாக ஓர் ஆணை போட்டார். இந்த ஆணைகளால் பெண்களின் உரிமைகள் கடுமையாகவும் திட்டமிட்ட முறையிலும் மீறப்பட்டன என்று ஐக்கிய நாடுகளின் பெண்ணுரிமைக் குழு 2015இல் அறிவித்தது.

அட்டியென்சாவின் பக்தியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 1968இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை விலக்கியது. அதை மனதார ஏற்றவர் அவர். இங்கே எழும் கேள்வி வேறு. ஒருவர் பாவம் என்று நம்பும் காரியத்துக்கு அவருடைய வரிப்பணம் போகலாமா? இது நேர்மையான கேள்வி. ஏளனம் செய்து ஒதுக்கக் கூடாது.

இதற்கான பதிலைக் கத்தோலிக்க மரபிலேயே தேடலாம். 18ஆம் நூற்றாண்டின் புனித அல்போன்ஸ் லிகோரி முதலான அறநெறி இறையியலாளர்கள், பிறர் செய்யும் தவறில் ஒருவருக்கு எவ்வளவு பங்கு என்பதை நுணுக்கமாக அளந்தவர்கள். தவறு செய்பவரின் நோக்கத்தில் உடன்படுவது ஒன்று. உடன்படாமல், எங்கோ தொலைவிலிருந்து அதற்கு உதவ நேர்வது மற்றொன்று. வரி கட்டுபவரின் நிலை இரண்டாவது. போரை வெறுப்பவரும் ராணுவத்துக்குச் சேர்த்துத்தான் வரி கட்டுகிறார். அந்தப் பணம் பொது விவாதத்திலும் சட்டமன்றத்திலும் அரசு அலுவலகங்களிலும் பல கைகள் மாறி, கடைசியில் ஒரு பெண் தானே எடுக்கும் முடிவில் போய்ச் சேருகிறது. அது அவளுடைய செயல். வரி கட்டியவருடைய பாவக் கணக்கில் அதை எழுத முடியாது.

அவளும் வரி கட்டுகிறாள் என்பதை இந்த விவாதத்தில் யாரும் நினைப்பதில்லை. பிலிப்பைன்ஸில் மதிப்புக் கூட்டு வரி 12 சதவீதம். டொண்டோவில் சோப்புக் கட்டி வாங்குபவளின் காசும் அதே கஜானாவுக்குத்தான் போகிறது. பிஷப்பின் மனசாட்சிக்கு அந்தக் கஜானாவில் இடமுண்டென்றால் அவளுடைய மனசாட்சிக்கும் உண்டு. நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கத்தோலிக்கர். அவர்களும் ஒரே குரலில் பேசவில்லை. கருத்தடைக்கு அரசு உதவ வகைசெய்யும் இனப்பெருக்க நலச் சட்ட மசோதாவை ஒரு கத்தோலிக்கர் நல்ல மனசாட்சியோடு ஆதரிக்கலாம் என்று, இயேசு சபையின் அட்டெனியோ பல்கலைக்கழக ஆசிரியர்கள் 14 பேர் 2008இலேயே எழுதினார்கள். 2012இல் அதே பல்கலைக்கழகத்தில் 192 பேர் அதை ஆதரித்துக் கையெழுத்திட்டார்கள். இக்லேசியா நி கிறிஸ்தோ என்ற உள்நாட்டுச் சபையும் ஆதரித்தது.

2012 டிசம்பர் 21 அன்று அதிபர் பெனிக்னோ அக்கினோ ஒப்பமிட, அந்தச் சட்டம் வந்தது. கருக்கலைப்பு அந்த நாட்டில் அன்றும் குற்றம், இன்றும் குற்றம்; சட்டம் தந்தது கருத்தடையும் ஆலோசனையும் பேறுகாலக் கவனிப்பும்தான். இரண்டு மாதத்தில் பக்கோலோட் பேராலயத்தின் முகப்பில் ஆறடிக்குப் பத்தடி பேனர் ஒன்று தொங்கியது. அதில், சட்டத்தை எதிர்த்து வாக்களித்த வேட்பாளர்கள் 'உயிர் அணி'. ஆதரித்தவர்கள் 'சாவு அணி', பெயருக்கு நேரே பெருக்கல் குறி. தேர்தல் ஆணையம் அதை அகற்றச் சொன்னது. அகற்றச் சொல்ல ஆணையத்துக்கு உரிமையில்லை என்று 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. தன் வாயிலில் நின்று உரக்கச் சொல்லத் திருச்சபைக்கு முழு உரிமை உண்டு.

அதே நீதிமன்றம் 2014 ஏப்ரல் 8 அன்று, சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டுச் சில பிரிவுகளை நீக்கியது. மனசாட்சி இடங்கொடாத மருத்துவர், நோயாளியை வேறிடத்துக்கு அனுப்பிவைக்கக்கூட வேண்டியதில்லை. அவசர நிலையும் உயிராபத்தும் மட்டுமே விலக்கு. திட்டத்தை ஆதரிக்க மறுக்கும் அரசு அதிகாரியைத் தண்டிக்கவும் முடியாது. மாநகரச் சுகாதார அலுவலர், அரசு மருத்துவமனைத் தலைவர் போன்றவர்கள் மனசாட்சியின் பெயரால் ஒதுங்க முடியாது என்றிருந்த விதியும் நீக்கப்பட்டது.

நீதிமன்றம் இங்கேதான் தவறியது. காப்பர்-டி பொருத்த மாட்டேன் என்னும் செவிலியரின் கையை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது; பக்கத்து அறையில் இன்னொருவர் அதைச் செய்யட்டும். ஆனால் மருத்துவமனைத் தலைவர் மறுத்தால் பக்கத்து அறையும் சேர்ந்தே மூடிக்கொள்ளும். அவருக்குக் கீழே இருப்பது ஊரின் மருந்து, ஊரின் பணம், ஊரின் கட்டிடம். அவருடைய நம்பிக்கைக்கான விலையை வேறொருத்தி தன் உடம்பால் கொடுக்கிறாள்.

பணத்தைப் பிடித்து வைத்தாலும் இதே கதிதான். 2016ஆம் ஆண்டு பட்ஜெட்டில் கருத்தடை மருந்துகளுக்கான 100 கோடி பெசோவை நாடாளுமன்றம் வெட்டியது. சட்டப் புத்தகத்தில் உரிமை இருந்தது. அலமாரியை நிரப்பப் பணம் இல்லை.

பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை இரண்டு. அரசு நிலையங்களில் யார் மறுத்தாலும் மாற்று ஆள் அங்கேயே இருக்க வேண்டும் என்று சட்டமாக்க வேண்டும். மருந்துக்கான தொகையை ஆண்டுதோறும் பேரத்துக்கு விடாமல் உறுதியாக ஒதுக்க வேண்டும். இந்த இரண்டாலும் எந்தக் கத்தோலிக்கரும் தன் விசுவாசத்தை விட வேண்டியிருக்காது.