இதழைக் காப்பவர் யார்?

அச்சிலிருந்து இணையத்துக்குப் போன இதழ்களை எண்ணும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'கல்கி'. 1941 ஆகஸ்டில் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் டி. சதாசிவமும் தொடங்கிய இதழ் அது. அதற்குப் பணம் திரட்டவே எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். உலகப்போரின் நடுவே பிறந்த இதழ், 2020 பொதுமுடக்கம் வரை தாளில் வந்தது. அப்போது ரயில்கள் நின்றன, கடைகள் மூடின, கட்டுகள் ஊர் போய்ச்சேர வழியில்லை. இதழ் இணையத்துக்குக் குடிபெயர்ந்தது.

இதற்காகப் பதிப்பாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாள் விலை, அச்சுக்கூலி, ஏஜென்ட் கமிஷன், விற்காமல் திரும்பிவரும் பிரதிகள் என எல்லாவற்றையும் சுமந்துதான் ஒவ்வோர் இதழும் கடைக்கு வந்தது. இணையத்தில் வருவது டொரண்டோவில் இருப்பவருக்கும் தென்காசியில் இருப்பவருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கிறது. பார்வையற்ற வாசகர் யார் துணையும் இல்லாமல் கைப்பேசியைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். இவை சிறிய வரவுகள் அல்ல.

என் கவலை வேறு. வெளியான இதழ் அதன்பின் எங்கே இருக்கிறது?

*

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்தது. மணியம் படம் வரைந்தார். வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு வைத்துக்கொண்ட வீடுகள் ஏராளம். கதைப் பக்கத்தின் பின்புறம் பாதி சிரிப்புத்துணுக்கு, ஒரு தைல விளம்பரம், வாசகர் கடிதத்தின் கடைசி நான்கு வரிகள். அச்சுப்புத்தகமாக வந்த நாவலில் இவற்றுக்கு இடமில்லை. அந்த ஆண்டுகளில் மக்கள் என்ன வாங்கினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பது அந்தப் பின்பக்கங்களில்தான் இருக்கிறது.

யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை இது. பதிப்பாளர் அச்சிட்டு விற்றார். வாசகர் சேர்த்து வைத்தார். ஒரு வீட்டில் கரையான் அரித்தால் இன்னொரு வீட்டில் பிரதி இருந்தது. காக்கும் வேலையை ஊரே பகிர்ந்துகொண்டிருந்தது. அதனால்தான் அப்படி ஒரு வேலை நடப்பதே யார் கண்ணிலும் படவில்லை.

*

கோட்டையூர் ரோஜா முத்தையாவை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்களையும் இதழ்களையும் நாடக நோட்டீஸ்களையும் பிறர் எடைக்குப் போட்டபோது, அவர் தேடித்தேடி வாங்கினார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக்கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. நடத்தியவர்கள் மறைந்துபோன இதழ்களை இன்று ஆய்வாளர்கள் அங்கே உட்கார்ந்து புரட்டுகிறார்கள்.

அவரால் அது முடிந்ததற்குக் காரணம் எளியது. காசு கொடுத்தால் பிரதி கைக்கு வந்தது. வந்த பிரதி அவருடையது.

இன்று சந்தா கட்டும் வாசகருக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதி. சந்தா முடிந்தால் பழைய இதழும் மூடிக்கொள்கிறது. இன்னொரு ரோஜா முத்தையா இன்று பிறந்தாலும், சேர்ப்பதற்கு அவர் கையில் எதுவும் வராது.

*

1954இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நூல் வெளியிடுபவர் தம் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட வேறு பொதுநூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். 1956இல் வந்த திருத்தம் இதழ்களையும் சேர்த்துக்கொண்டது. வாசகர்கள் மறந்தாலும் நூலக அடுக்கில் ஒன்று இருக்கட்டும் என்று அன்றைய அரசு நினைத்தது. ஆனால் அந்தச் சட்டம் அச்சிட்ட தாளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிரிட்டன் 2013இல் இணைய வெளியீடுகளையும் நூலகங்கள் சேமிக்க விதி செய்தது. நமக்கும் அப்படியொரு விதி வேண்டும். அது வரும்வரை பொறுப்பு பதிப்பாளர் தலையில்தான்.

*

இணையத்தில் போட்டதெல்லாம் என்றும் இருக்கும் என்று நம்புகிறவர்கள், தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அப்போது ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. டிஸ்கி, டாப், டாம் என்று குறியாக்கங்கள் பல. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். பழைய குறியாக்கத்தில் நின்றுவிட்ட பக்கத்தை இன்று திறந்தால் புரியாத குறிகளின் வரிசை வருகிறது. எழுதியது தமிழ், எழுதியவர் தமிழர், ஆனால் படிக்க முடியவில்லை. கரையான் இல்லாமலே இப்படி அழிந்தவை எத்தனையோ.

*

ஆனால் கணினிக்கு, தாளுக்கு இல்லாத ஒரு வரமும் உண்டு. பிரதி எடுக்கச் செலவே இல்லை. கல்கி கிருஷ்ணமூர்த்தியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் 'பொன்னியின் செல்வ'னை மின்னுரையாக்கினார்கள். இன்று அது யாருடைய ஒற்றைத் தளத்தையும் நம்பி இல்லை. ஆயிரம் இடங்களில் இருக்கிறது. வழி திறந்திருந்தால், தாளைவிடக் கணினியே நன்றாகக் காக்கும்.

எல்லாவற்றையும் இலவசமாகத் திறந்துவிடச் சொல்லவில்லை. சந்தா இல்லாமல் இதழ் நடக்காது; எழுதுபவருக்குச் சம்பளம் வேண்டும். இன்று பூட்டி வையுங்கள். ஆனால் ஒவ்வோர் இதழையும் அட்டை முதல் விளம்பரம் வரை, தேதியோடு, முழுதாக, யூனிகோடில், ஒரு பொதுநூலகத்திடம் ஒப்படையுங்கள். சில ஆண்டுகள் கழித்துத் திறக்கலாம் என்று எழுதிக்கொடுங்கள்.

அச்சுக்காலத்துப் பதிப்பாளர் வெளியிட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்கலாம். மிச்சத்தை வாசகர் பார்த்துக்கொண்டார். வாசகர் கையிலிருந்து பிரதியை எடுத்துவிட்ட பதிப்பாளருக்கு அந்த நிம்மதி கிடையாது. அவர் இப்போது நூலகரும்கூட. அச்சை நிறுத்தத் தீர்மானிக்கும் கூட்டத்திலேயே, நம் இதழைக் காக்கப்போகும் நூலகம் எது என்பதையும் அவர் தீர்மானித்துவிட வேண்டும்.