வின்ஸ்லோவில் லா போசாடா

அரிசோனாவின் வறண்ட மேட்டு நிலம். வின்ஸ்லோ, சின்ன ஊர்.

வடக்கே 66ஆம் எண் நெடுஞ்சாலையாக இருந்த தெரு. தெற்கே தண்டவாளம். நடுவில் லா போசாடா விடுதி.

சுவர்கள் தடித்தவை. உள்ளே கால் வைத்ததும் கண்கூச்சம் அடங்குகிறது. தரை குளிர்கிறது.

சரக்கு வண்டி. நாற்காலிக் கையில் அதிர்வு. பெட்டிகள் எல்லாம் கடந்த பிறகும் விரலில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

1930 மே. சாண்டா ஃபே ரயில் கம்பெனியின் விடுதி திறக்கிறது. நடத்துவது ஃபிரெட் ஹார்வி நிறுவனம். நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து ஏழு மாதம்.

வடிவமைத்தவர் மேரி கோல்டர். வயது 61. கட்டடம், தோட்டம், மேசை, நாற்காலி, எல்லாம் அவர் மனதில் பிறந்தவை.

புதுக் கட்டடத்துக்கு அவர் ஒரு பழங்கதை தருகிறார். ஸ்பானியப் பண்ணையார் குடும்பம் ஒன்று. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்துக் கட்டிய வீடு.

அப்படி ஒரு குடும்பம் இருந்ததில்லை. அவர்களுக்காக வளைவுகள், முற்றங்கள், நீண்ட தாழ்வாரங்கள்.

தாழ்வாரத்தில் நடக்கையில் அவர்கள் இல்லை என்பது நினைவில் நிற்பதில்லை.

ஹார்வி பெண்கள். கறுப்பு உடுப்பு, வெள்ளை ஏப்ரன். ரயில் கிளம்புவதற்குள் பரிமாறி முடிக்கும் கைகள். ஆரம்ப காலத்தில், ஒப்பந்தம் முடியும்வரை மணம் செய்துகொள்ளக் கூடாது.

எத்தனை பேர் கடிதம் எழுதிக் காத்திருந்தார்களோ.

ஊர் ஓரத்தில் விமான நிலையம். திட்டமிட்டவர் சார்லஸ் லிண்ட்பர்க். 1929இல் வந்தது. சாலை அதற்கும் முன்பே வந்துவிட்டது.

ரயிலிடமிருந்து பயணிகளைக் கொண்டுபோகப் போகும் இரண்டும், விடுதி திறக்குமுன்பே அங்கே இருக்கின்றன.

1957. கதவு மூடுகிறது.

அதே ஆண்டில் கேலப் என்ற ஊரில் எல் நவாஹோ விடுதி இடிபடுகிறது. அதுவும் கோல்டர் வடிவமைத்தது.

1958 ஜனவரி. கோல்டர் இல்லை.

இங்கே சாமான்கள் ஏலம் போகின்றன. கூடங்களைத் தடுத்து ரயில் கம்பெனி அலுவலகம் போடுகிறது. கோப்புகள். தொலைபேசி மணி.

மனம் இந்த இடத்தில் கசக்கிறது. பிறகு, அலுவலகமாக இருந்ததால்தான் இடிபடாமல் நின்றதோ என்றும் தோன்றுகிறது. இரண்டு எண்ணங்களும் அப்படியே இருக்கின்றன.

1997. ஓவியர் டீனா மியானும் கணவர் ஆலன் அஃபெல்ட்டும் வாங்குகிறார்கள். உள்ளேயே குடியேறி, அறை அறையாக மீட்கிறார்கள்.

ஆம்ட்ராக்கின் சவுத்வெஸ்ட் சீஃப் சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே ஓடுகிறது. தினமும் ஒவ்வொரு திசைக்கும் ஒன்று. வின்ஸ்லோவில் இறங்குகிறவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே வந்துவிடலாம்.

கோல்டர் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்த வரலாறு பல தலைமுறை நீள்கிறது. கட்டடத்துக்கு இன்னும் நூறு ஆகவில்லை.

முதல் முறை விடுதியாக இருந்தது 27 ஆண்டு. இரண்டாம் முறை அதைத் தாண்டிவிட்டது. நடுவே அலுவலகமாக இருந்த காலத்துக்கு யாரும் கதை புனையவில்லை.