சம்மதம் யாருடையது?

நன்மை செய்கிறோம் என்று நம்பிச் செய்யப்படும் தீமையே தீமைகளுள் கொடியது. தீயவன் தன் செயலுக்கு அஞ்சுவான். ஒருநாள் திருந்தவுங் கூடும். அன்பின் பெயரால் தவறிழைப்பவனுக்கோ அச்சமுமில்லை, திருத்தமுமில்லை. பெண்மக்களுக்கு இளவயதிலேயே மணம் முடித்துவைக்கும் பெற்றோரின் நிலை இத்தகையதே.

பிறரைத் தூற்றும் நோக்கத்துடன் இதனை எழுதவில்லை. பந்திங் வட்டாரத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்க்கும் யானும் இக்குற்றத்தில் பங்கு கொண்டவனே. சில ஆண்டுகட்கு முன் செம்பனை வெட்டும் தொழிலாளி ஒருவர் வந்து, "ஐயா, மகளுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, நல்ல இடம் வந்திருக்கிறது, மந்திரி பெசாருக்கு ஒரு மனு எழுதித் தரவேண்டும்" என்றார். 1982 மார்ச்சு முதல் நடைமுறையிலுள்ள நமது நாட்டுத் திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதார்க்கு மணவயது 18. ஆயினும், 16 நிரம்பிய பெண்ணுக்கு மந்திரி பெசாரின் சிறப்பு அனுமதியுடன் மணம் செய்விக்க அச்சட்டமே இடமளிக்கிறது.

கற்ற ஆங்கிலத்தையெல்லாங் கூட்டி அழகியதொரு மனு வரைந்தேன். "இம்மணத்திற்குப் பெண் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறாள்" என்றும் அதில் எழுதினேன். அவளை நான் கேட்டேனில்லை. தந்தை கேட்டதாகவுஞ் சொல்லவில்லை. அனுமதியும் கிடைத்தது, மணமும் நடந்தது. ஈராண்டு கழித்து அப்பெண் இடுப்பில் குழந்தையுடன் காரியாலயத்துக்கு வந்து, "ஐயா, எஸ்.பி.எம். பரீட்சையைத் தனியாக எழுத ஒரு பாரம் நிரப்பித் தருவீர்களா?" என்று கேட்டாள். அவள் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

சம்மதம் என்பது யாது? தலையை அசைப்பதா? மறுக்க முடிந்தவன் ஏற்பதே சம்மதம். "வேண்டாம்" என்றால் வீட்டில் சோறில்லை, ஊரில் மானமில்லை என்று அஞ்சுபவள் கூறும் "சரி" என்ற சொல்லுக்கு மதிப்பேது? ஒரு வீட்டை வாங்கவோ, கடன் பத்திரத்தில் கையொப்பமிடவோ 16 வயதுப் பெண்ணின் சொல்லை நாம் ஏற்பதில்லை. அவளது வாழ்நாள் முழுவதையும் எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் அச்சொல் போதுமாம்! விந்தையன்றோ?

இவ்வழக்கம் கேட்ட பலி சிறிதன்று. 1890-இல் கல்கத்தாவில் ஒரு வழக்கு நடந்தது. பூல்மணி என்னும் பத்துப் பதினொரு வயதுச் சிறுமி, வயதில் மிக மூத்த கணவனால் குருதி கொட்டி மாண்டாள். அவளுக்குப் பத்து வயது கடந்துவிட்டமையால் அக்காலச் சட்டம் அதனை வன்புணர்ச்சியாகக் கருதவில்லை. மறு ஆண்டு அவ்வயது வரம்பு 12 ஆயிற்று. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கிற்று. அது 1930 ஏப்ரல் முதல் நாள் அமுலுக்கு வருமுன், பலர் விரைந்து விரைந்து குழந்தைகட்குத் தாலி கட்டி வைத்தனர்! சட்டம் வயதை உயர்த்தும்; மனத்தை உயர்த்துவது நம் கடமை.

"குமரியை வீட்டில் வைத்திருப்பது வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வதாகும், ஏழைக்கு வேறு காவல் ஏது?" என்று சிலர் கேட்பர். அவர்தம் அச்சம் பொய்யன்று, வறுமையும் பொய்யன்று. ஆனால், அந்நெருப்பை அணைக்கிறோமா, அன்றி மகளின் வயிற்றுக்கு மாற்றுகிறோமா? உடல் முற்றாத சிறுமிக்குப் பேறுகாலம் பேராபத்து. படிப்பு முறிந்தவள் கணவன் கைவிட்டால் கூலிக்கும் வழியறியாள். அவள் மகளும் அதே வறுமையில் வளர்ந்து, அதே வயதில் அதே மணவறையில் அமர்வாள். வறுமைக்கு மருந்தென்று நாம் கொடுப்பது வறுமைக்கே வித்தாகின்றது.

இன்றும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 1 கோடியே 20 இலட்சம் சிறுமியர் 18 வயதுக்கு முன் மணமுடிக்கப்படுகின்றனர் என்கிறது ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம். ஆயினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. இந்தியாவில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் இவ்வாறு மணமானவர் 2005-06-இல் நூற்றுக்கு 47 பேர்; 2019-21-இல் 23 பேர். பெண் பள்ளியில் நீடிக்க நீடிக்க இத்தீமை பின்வாங்குகிறது.

தோட்டத்துச் சகோதரர்களே, பட்டணத்துப் பெரியோர்களே! மகளின் மணத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்கிறோம், சோதிடரைக் கேட்கிறோம், ஊராரைக் கேட்கிறோம். அவளையுங் கேட்போம், அதனினும் முன்னதாக, விடை சொல்லும் வயதும் கல்வியும் அவளுக்கு வாய்க்கும்வரை காத்திருப்போம். அன்று அப்பெண் கேட்ட பாரத்தை நிரப்பிக் கொடுத்தேன். ஆனால், முன்னர் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தை இனி அழிக்க என்னால் இயலாது.